மலைக்கோட்டைக்கு வயது 380 கோடியா?

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்திலிருந்து பார்த்தாலே மலைக்கோட்டை தெரியும். அந்தப் பாறைக்கு வயது 380 கோடி ஆண்டு என்கின்றன சுற்றுலாக் குறிப்புகள். சிலவற்றில் 350 கோடி. இமயமலையைவிட மூத்ததாம். இமயம் எழும்பத் தொடங்கியே ஏறக்குறைய 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. சென்னைப் பரங்கிமலைகூட அதைவிட மூத்ததுதான்.

சரி, 380 கோடியை எப்படிச் சோதிப்பது?

விநாயகர் சதுர்த்திக்கு மலைக்கோட்டையில் 150 கிலோ கொழுக்கட்டை படைப்பார்கள். பாறைக்குள் இருக்கும் சிர்க்கான் படிகமும் ஒரு பொடிக் கொழுக்கட்டைதான். பாறைக்குழம்பு ஆறும்போது உருவாகும் இது, யுரேனியத்தைப் பூரணமாகச் சேர்த்துக்கொள்ளும். காரீயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். மூடியபின் பூரணம் தானே காரீயமாக மாறும். யுரேனியம்-238இல் பாதி மாற 447 கோடி ஆண்டு. மேல்மாவு விரிசல் விட்டால் காரீயம் கசிந்து, படிகம் வயதைக் குறைத்துச் சொல்லும். மறுபடி வேகவைத்தால்? அதுவும் நடக்கிறது. பூமிக்கடியில் வெந்த பாறையில் பழைய படிகத்தின்மேல் புது மாவு ஏறி, ஒரே கொழுக்கட்டை இரண்டு வயது காட்டும்.

பாறைகளுக்கு இந்தக் கணக்கை 1907இல் போட்டுக் காட்டியவர் அமெரிக்கரான போல்ட்வுட். அதற்கு வேண்டிய மடக்கையை நேப்பியர் 1614இலேயே வெளியிட்டுவிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

கடந்த ஆண்டுகளை 447 கோடியால் வகுத்து, அதை அரைக்கு அடுக்காக வைத்தால் மீதி யுரேனியம் கிடைக்கும். தேடும் எண் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மடக்கை எடுத்தால் இறங்கிவிடும். வேடிக்கை அதற்குப் பிறகுதான். வயது 350 கோடிக்கு மேல் என்று நிரூபிக்க, மீதி 58 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 'கீழே' என்று தொடங்கிய அசமன்பாடு 'மேலே' என்று முடிகிறது! அரையின் மடக்கை குறை எண். அதால் வகுத்தால் குறி திரும்பும். மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் இது. விதியை மனப்பாடம் செய்வானேன்? பூரணம் குறையக் குறைய வயது கூடுகிறது, அவ்வளவுதான்.

380 கோடி என்றால் மீதியிருக்கும் ஒவ்வொரு 100 யுரேனியம் அணுவுக்கும் 80 காரீய அணு இருக்க வேண்டும். காவிரியை ஒட்டிய தென்னிந்தியப் பாறைப் பட்டையின் சிர்க்கான்களில் அடிக்கடி வரும் விடைகளோ 250 கோடி, 55 கோடி. அதாவது 47 காரீய அணு, 9 காரீய அணு. குறிப்பு எழுதியவர்கள் இன்னும் 33 அணுவாவது தேடிக் கொண்டுவர வேண்டும்.