சாவோ பாவுலோவில் ஒரு வாரம்

தென்னமெரிக்காவில் சனத்தொகை மிகுந்த நகரம் பிரேசிலின் சாவோ பாவுலோ. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் மட்டும் 1 கோடியே 14 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். வாப்பாவின் வேலை நிமித்தம் ஒரு வாரம் அங்கு தங்கக் கிடைத்தது.

மொழி தெரியாதே என்று உம்மா பயந்தார். அங்கு பேசுவதோ போர்த்துக்கேயம்! மேசை அங்கே 'மேசா', சப்பாத்து 'சப்பாத்து', சாவி 'ஷாவி', கதிரை 'கதெய்ரா', துவாய் 'துவால்யா'. ஐந்நூறு வருடங்களுக்கு முன் எமது கரைக்கு வந்தவர்கள் விட்டுப் போன சொற்கள். இரண்டாம் நாளே உம்மா கடையில் துவாய் கேட்டு வாங்கிவிட்டார்.

இந்நகரத்தை வளர்த்தது கோப்பி. 1888இல் பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் தேடி அரசு வெளிநாடுகளை நாடியது. இத்தாலியர் பெருந்தொகையாக வந்தனர். 1908 ஜூன் 18இல் 'கசாத்தோ மாரு' என்ற கப்பல் 781 ஜப்பானியருடன் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. எமது மலைநாட்டுத் தோட்டங்களின் கதையை அறிந்தவர்களுக்கு இவர்கள் பட்ட பாட்டை விளக்கத் தேவையில்லை.

சிரியா, லெபனான் பகுதி அரபிகளும் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். உஸ்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்ததால் அவர்களைத் 'துருக்கியர்' என்றே ஊரார் அழைத்தார்களாம். எங்களைப் போர்த்துக்கேயர் 'மூர்' என்று அழைத்தது நினைவுக்கு வந்தது. வந்தவனுக்குப் பெயர் வைப்பது எங்கும் மற்றவன்தான் போலும். பொட்டணி வியாபாரம் செய்த அவர்களே பின்னர் 'மார்ச் 25' வீதியைப் புடைவைக் கடைகளால் நிரப்பினர். அவர்கள் கொண்டுவந்த எஸ்பீஹா இன்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கம்புசி பகுதியில் அழகிய பள்ளிவாசல் ஒன்றும் உண்டு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது லிபர்தாதே என்ற பகுதி. 'விடுதலை' என்பது அதன் பொருள். ஜப்பானியத் தோரணவாயில், சிவப்பு விளக்குகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று பார்ப்பதற்கு ஒரு குட்டி ஜப்பான். உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் ஜப்பானியர் வர முன்னர் அந்தச் சதுக்கத்தில் தூக்குமரம் நின்றது. அருகே அடிமைகளையும் ஏழைகளையும் தூக்கிலிடப்பட்டவர்களையும் புதைத்த மயானம் இருந்தது. மயானத்தின் மேல் வீடுகளும் கடைகளும் எழும்பிவிட்டன. ஒரு சந்தின் முடிவில் அதன் சிறிய தேவாலயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2018இல் பக்கத்துக் காணியைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

அதே வருடம் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயருடன் 'ஜப்பான்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஆபிரிக்க வம்சாவளியினர் அதை எதிர்த்தனர். ஜப்பானியரின் உழைப்பை மறுப்பதற்காக அல்ல. அதற்கு முன்னரும் அங்கே மனிதர் இருந்தனர் என்பதற்காக. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப்படுகிறது. அங்கு போகக் கிடைப்பவர்கள் சந்தையைப் பார்த்துவிட்டு அந்தச் சந்துக்கும் போங்கள். நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான்.