அசையாத கழுத்து

பொறியியல் கல்லூரி விடுதி அறைகளில் கட்டில்தான் மேசை, தலையணைதான் லேப்டாப் ஸ்டாண்டு. செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டால் நோட்ஸ் கைமாறுவதுபோல வலித் தைலமும் அறை அறையாகக் கைமாறும். "கழுத்தைத் திருப்பவே முடியலடா" என்பவன், யாராவது கூப்பிட்டால் உடம்பை மொத்தமாகத் திருப்பிப் பார்ப்பான்.

இந்தப் பேச்சை எடுத்தாலே 27 கிலோ என்ற எண் வந்து நிற்கும். நிமிர்ந்த நிலையில் தலையின் எடை 5 கிலோ அளவுதான்; 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பில் 27 கிலோ பாரம் இறங்கும் என்று 2014-ல் கணக்குச் சொன்னவர் அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ். பெற்றோரைப் பதறவைக்கும் வாட்ஸ்அப் படங்களின் மூலம் அதுதான். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, நோயாளிகளிடம் அளந்ததல்ல என்பதைப் படம் சொல்லாது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம் நடந்த, 2018-ல் வெளியான ஆய்வில், குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தென்படவில்லை.

அதற்காக வலி பொய்யாகிவிடாது. குனிவதைவிட, அசையாமல் கிடப்பதுதான் பெரிய வில்லன் என்பது என் கட்சி. தலை முன்னால் சாயும்போது விழாமல் இழுத்துப் பிடிப்பவை பின்கழுத்துத் தசைகள். பத்து நிமிடம் பிடிப்பது அவற்றுக்கு ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் அப்படியே பிடித்தால் களைத்து இறுகிவிடும். கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்புக்கு ஓடும் தசை இறுகினால், திரும்பும்போது சுருக்கென்று இழுக்கும். வலிக்குப் பயந்து திருப்பாமலே இருந்தால் பிடிப்பு இன்னும் கூடும். தேர்வுப் பதற்றமும் தூக்கக் குறைவும் அந்த வலியை ஏற்றிவிடும்.

லேப்டாப்பின் வடிவத்திலேயே வம்பு இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை; கண்ணுக்கு வசதி செய்தால் கை அந்தரத்தில் நிற்கும், கைக்கு வசதி செய்தால் தலை கவிழும். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது கணினி வந்து சேர்ந்த வீடுகள் பலவற்றில் அதை வைக்க மேசை கிடையாது. அந்தக் காலக் கணக்குப்பிள்ளைக்காவது தரையில் உட்கார்ந்து எழுதச் சாய்வு மேசை இருந்தது! இன்றைக்கு நாலு தடித்த புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றி, தனி கீபோர்டு ஒன்று வாங்கிச் செருகினால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாலே போதும்.

முடி வெட்டியதும் சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு. கை மரத்துப்போனால், பிடித்த பொருள் நழுவினால், நடை தடுமாறினால் தைலத்தை மூடிவைத்துவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தலைவலியோடு கழுத்தும் விறைத்தால் அது லேப்டாப் சமாசாரமே அல்ல. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகவேண்டும்.