பேரரசரின் கையிலும் காணிக்கைத் தட்டு



இடைவிடா சகாய அன்னையின் திருப்படத்தை நாம் அனைவரும் அறிவோம். நவநாள் வேளைகளில் அதன் முன் முழந்தாளிட்டுச் செபித்திருக்கிறோம். பொன்னிறப் பின்னணி, நீண்ட மூக்கு, சிறிய வாய், நம்மையே நோக்கும் விழிகள். மற்ற மாதா படங்களைப் போல் இது ஏன் இயல்பாக இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. வரைந்தவருக்குத் திறமை குறைவு என்பதல்ல காரணம். அது பைசாந்தியக் கலை மரபில் வந்த படம். அம்மரபின் நோக்கமே வேறு.

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு 1453 வரை நிலைத்த கிழக்கு உரோமைப் பேரரசையே பைசாந்தியம் என்கிறோம். அதன் ஓவியர்கள் நாம் காணும் உலகை அப்படியே வரைய முற்படவில்லை. காணாத விண்ணகத்தை நம் கண்முன் நிறுத்த முயன்றார்கள். வானமும் மரமும் இருக்கவேண்டிய இடத்தில் பொன்னை வைத்தார்கள். அது மறையாத இறை ஒளியின் அடையாளம். புனிதர்களை நேர்முகமாகத் தீட்டினார்கள். நாம் படத்தைப் பார்க்கும்போது, அவர்களும் நம்மைப் பார்க்கிறார்கள். ஆலயச் சுவர்களில் பொன் இழை வைத்த சிறு கண்ணாடித் துண்டுகளைச் சற்றே சாய்த்துப் பதித்தார்கள். விளக்கொளி பட்டதும் சுவரே உயிர்பெற்றதுபோல் மின்னும். மொசைக் எனப்படும் கலை இது.

இதே கலை அரசருக்கும் ஊழியம் செய்தது. இத்தாலியின் ராவென்னா நகரிலுள்ள புனித விட்டாலிஸ் ஆலயம் 547இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் திருப்பீட முற்றத்தில், ஒரு சுவரில் பேரரசர் ஜஸ்டீனியன், எதிர்ச்சுவரில் பேரரசி தியோடோரா. இருவருக்கும் மணிமுடி, ஊதா அங்கி, தலையைச் சுற்றி ஒளிவட்டம். 540இல்தான் பேரரசரின் படை அந்நகரைக் கோத்தியரிடமிருந்து கைப்பற்றியிருந்தது. தொலைவில் வாழ்ந்த அரசரின் அதிகாரத்தை மக்களுக்கு நினைவூட்டுவதும் அப்படங்களின் நோக்கமே. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்களுடைய கைகளைக் கவனிப்போம். அரசர் ஏந்தியிருப்பது வாள் அல்ல, அப்பத்தட்டு. அரசி ஏந்தியிருப்பது இரசக் கிண்ணம். அரசியின் ஆடை விளிம்பில், காணிக்கையோடு விரையும் மூன்று ஞானிகள். அதே முற்றத்தின் சுவர்களில் ஆபேல் ஆட்டுக்குட்டியையும், மெல்கிசதேக்கு அப்பத்தையும் உயர்த்துகிறார்கள். ஆபிரகாம் தம் மகனையே பலியிட நிற்கிறார். உலகாண்ட பேரரசரும் இந்த வரிசையில் வரும் ஒருவர்தாம். அவர்களுக்கெல்லாம் மேலே, நீல உலக உருண்டையின்மீது கிறிஸ்து அமர்ந்திருக்கிறார்.

பிற்காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், பேரரசர்களே திருப்படங்களை அகற்றவும் அழிக்கவும் ஆணையிட்டார்கள். அப்போது, 787இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம் தெளிவாகப் போதித்தது: ஆராதனை இறைவன் ஒருவருக்கே, படத்திற்குச் செலுத்தும் வணக்கம் படத்தில் காட்டப்பட்டவரையே சென்றடைகிறது. இன்றும் நமது திருஅவையின் போதனை இதுவே. படம் ஒரு வாசல். வாசலிலேயே நின்றுவிடுகிறவர் வீட்டிற்குள் போவதில்லை.

ராவென்னாவின் அரசர் படத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுதப்பட்டுள்ளது. அது அரசரின் பெயரன்று. அருகில் நிற்கும் ஆயர் மாக்சிமியானுஸின் பெயர். ஆகவே, ஆலயத்தில் தன் பெயர் தெரியவேண்டும் என்ற ஆசை ஆள்வோருக்கு மட்டும் உரியதன்று. அருட்பணியாளர்களையும் அது விடுவதில்லை. நாம் ஆலயத்திற்குக் கொடுக்கும் மின்விசிறியிலும் பெஞ்சிலும் 'உபயம்' என்று எழுதும்போதும் அந்த ஆசைதான் எட்டிப் பார்க்கிறது. கொடுப்பது நல்லது. கொடுத்தவரின் பெயர் கிறிஸ்துவை மறைக்கும்போதுதான் காணிக்கை விளம்பரமாகிவிடுகிறது.

வரும் ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பவனி பீடத்தை நோக்கி வரும்போது, நம் கைகளை ஒருமுறை பார்ப்போம். அவற்றில் இருப்பது பெரிதோ சிறிதோ, யாரை நோக்கி நீட்டுகிறோம் என்பதே கேள்வி. பேரரசரும் பீடத்தின் முன் தட்டு ஏந்தி நிற்பவரே. நாமும் அவ்வாறே நிற்போம். ஆமென்.