இன்ஜின் புதுசு, பெட்ரோல் லைன் பழசு: ஒரு பழைய டிரக்கின் கதை

இன்ஜின் ஸ்வாப் பற்றி ஒரு எபிசோட் பண்ணச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. பண்ணலாம். ஆனால் எல்லா வீடியோவிலும் வருகிற பகுதியை, அதாவது கிரேனில் தொங்கும் இன்ஜின் மெதுவாக இறங்கி உட்கார்வது, முதல் ஸ்டார்ட், எல்லோரும் கைதட்டுவது, இதையெல்லாம் நான் விட்டுவிடப் போகிறேன். அந்த வீடியோக்களில் முப்பது நொடியில் ஓட்டிவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. டேங்க்கில் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் எப்படி வருகிறது என்பது. வண்டி தீப்பிடிக்குமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த முப்பது நொடிதான்.

ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஷெவர்லே 1973 முதல் 1987 வரை தயாரித்த சி10 பிக்கப் டிரக். பெட்டி மாதிரி இருப்பதால் அங்கே அதற்கு 'ஸ்கொயர்பாடி' என்று செல்லப்பெயர். அதில் இருக்கிற கார்பரேட்டர் வைத்த பழைய வி8 இன்ஜினைக் கழற்றிவிட்டு, 1999க்குப் பிறகு வந்த சில்வராடோ டிரக்கின் 5.3 லிட்டர் வி8ஐ வைப்பார்கள். எல்எஸ் குடும்பத்து இன்ஜின். ஜிஎம் அதை லட்சக்கணக்கில் தயாரித்ததால், அங்கே காயலான் கடைக்குப் போனால் கிடைத்துவிடும். (நம்ம ஊரில் இப்படி நினைத்த இன்ஜினை எடுத்து வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடாது. அதனால இன்னைக்கு வேடிக்கை மட்டும் பார்ப்போம்.)

இப்போது முக்கியமான நம்பர். கார்பரேட்டருக்குத் தேவையான பெட்ரோல் அழுத்தம் 4 முதல் 7 பிஎஸ்ஐ. இந்த எல்எஸ் இன்ஜினுக்கு வேண்டியது 58 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் சுமார் 32 பிஎஸ்ஐ காற்று இருக்கும். அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அழுத்தத்தில் பெட்ரோல் ஓடப் போகிறது. எதில்? 7 பிஎஸ்ஐக்காக நாற்பது வருஷம் முன்னாடி போட்ட லைனில்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கார்பரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, ஃப்ளோட் சேம்பர். பம்ப் அதை நிரப்பினால் போதும், மிச்சத்தை இன்ஜின் உறிஞ்சுகிற காற்று பார்த்துக்கொள்ளும். நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு பஃபர். வளைவில் திரும்பும்போது டேங்க்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, லைனுக்குள் ஒரு நொடி காற்று போனாலும் இன்ஜினுக்குத் தெரியாது. இன்ஜெக்டருக்கு அந்தத் தொட்டி கிடையாது. கம்ப்யூட்டர் அதைச் சில மில்லிசெகண்ட் திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்ற கணக்கே அழுத்தம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. அழுத்தம் விழுந்தால் இன்ஜின் திக்கும், பவர் போகும்.

பழைய இன்ஜினில் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டியிருந்தது, கேம்ஷாஃப்ட் அதை இயக்கியது. எல்எஸ்ஸில் கம்பெனி அதற்கு இடமே வைக்கவில்லை. ஆக எலக்ட்ரிக் பம்ப் கட்டாயம். எங்கே வைப்பது?

சுலபமான வழி, பம்ப்பை டேங்க்குக்கு வெளியே சேஸிஸில் மாட்டுவது. வேலை செய்யும். ஆனால் இந்தப் பம்ப்கள் தள்ளுவதில் கில்லாடி, உறிஞ்சுவதில் சுமார். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பம்ப்புக்குள் ஆவி புகுந்தால் தள்ள எதுவும் இருக்காது. வெயிலில் டிராஃபிக்கில் நின்று நின்று போகும் வண்டிக்கு இது கண்டிப்பாக ஒரு நாள் நடக்கும். டேங்க்குக்கு உள்ளேயே மூழ்கி இருக்கும் பம்ப்புக்கு இந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு, சுற்றி இருக்கிற பெட்ரோலே அதைக் குளிர்விக்கவும் செய்யும். சத்தமும் கம்மி. என் ஓட்டு இதற்குத்தான்.

இதில் ஒரு அழகான குறுக்குவழியும் உண்டு. 1987இல் ஜிஎம் இதே டிரக்கை த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனோடு விற்றது. அந்த வருஷத்து டேங்க்கில் உள்ளே பம்ப் வைக்க இடமும், பெட்ரோல் ஒதுங்காமல் இருக்கத் தடுப்பும் இருக்கும். அந்த டேங்க்கை வாங்கிப் பழைய சேஸிஸில் மாட்டலாம். ஆனால் அதோடு வரும் பம்ப் 9 முதல் 13 பிஎஸ்ஐ வரைக்கும்தான், அதைக் கழற்றிவிட்டு அதிக அழுத்தம் தரும் பம்ப்பைப் போட வேண்டும்.

எவ்வளவு பெரிய பம்ப்? கணக்குப் போடுவோம். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை பவுண்ட், அதாவது சுமார் 227 கிராம் பெட்ரோல் என்பது பொதுவான மதிப்பீடு. 300 குதிரைத்திறன் என்றால் மணிக்கு 68 கிலோ, அதாவது 92 லிட்டர் சொச்சம். அதுவும் ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தபடியே ஒரு மணி நேரம் ஓட்டினால். சந்தையில் பிரபலமான பம்ப் 255 லிட்டர் ரகம். அழுத்தம் ஏற ஏற, வோல்ட்டேஜ் குறையக் குறைய முழு 255 வராது, இருந்தாலும் தாராளம். இதைவிடப் பெரிய பம்ப் வாங்குவது வெறும் பந்தா.

சரி, பம்ப் 255 தள்ளுகிறது, இன்ஜின் ஐடிலில் கொஞ்சம்தான் குடிக்கிறது. மிச்சம் எங்கே போகும்? அதற்குத்தான் ரெகுலேட்டர். 58க்கு மேல் போகும் பெட்ரோலைத் தனி ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்கே திருப்பி அனுப்பும். ஸ்வாப் உலகில் பலரும் பயன்படுத்துவது 1999 முதல் 2003 வரையிலான கார்வெட் காரின் ஃபில்டர். பெட்ரோல் வர ஒரு வழி, டேங்க்குக்குத் திரும்ப ஒரு வழி, இன்ஜினுக்கு ஒரு வழி. 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. ஒரே பொருள், இரண்டு வேலை. ஆனால் ரிட்டர்ன் லைன் ரொம்ப ஒல்லியாக இருந்தால் ரெகுலேட்டர் என்ன செய்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற சின்ன வேப்பர் லைனையே ரிட்டர்னாக்கி மிச்சம் பிடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது ஹோஸ். இங்கே கஞ்சத்தனம் கூடவே கூடாது. பெட்ரோல் ஹோஸ் எல்லாமே கறுப்பு ரப்பர்தான், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் அதன் மேல் அச்சடித்த எழுத்தில். எஸ்ஏஇ 30ஆர்7 என்றால் கார்பரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தத்துக்கு. 30ஆர்9 என்றால் இன்ஜெக்ஷனுக்கு. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு 30ஆர்10 வேண்டும், ஏனென்றால் மற்ற ஹோஸ்களின் வெளிப்பக்கம் பெட்ரோலில் ஊறிக் கிடக்கச் செய்ததல்ல. ஸ்க்ரூ வைத்துத் திருகும் சாதாரண க்ளாம்ப் ரப்பரைக் கடித்துக் கிழிக்கும், இன்ஜெக்ஷன் க்ளாம்ப்தான் போட வேண்டும். பழைய ஸ்டீல் லைனை உள்ளே துரு இருக்கும் என்று வைத்துக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 5 பிஎஸ்ஐயில் லீக் ஆனால் சொட்டும். வாசனை வரும், கவனிப்பீங்க. 58இல் லீக் ஆனால் ஸ்ப்ரே அடிக்கும். பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்.

இந்த டிரக்குக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய வரலாறும் உண்டு. அதன் டேங்க் சேஸிஸ் சட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டில் இருக்கும். மோதலில் தீப்பிடிக்கிறது என்று பெரிய சர்ச்சை. 1992 நவம்பரில் என்பிசியின் 'டேட்லைன்' நிகழ்ச்சி அதைச் சோதனை செய்து காட்டியது. டிரக்கின் அடியில் அவர்களே தீமூட்டும் கருவி வைத்திருந்தது பிறகு வெளியே வந்தது, 1993இல் சேனல் மன்னிப்புக் கேட்டது. அந்த டெமோ போலி, சரி. அதற்காக டேங்க் இருக்கும் இடம் நல்ல இடம் ஆகிவிடாது. பலர் பிளேசரின் டேங்க்கை எடுத்துப் பின்பக்கம், சட்டங்களுக்கு நடுவில் மாட்டுகிறார்கள். எப்படியும் டேங்க்கை இறக்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

வயரிங்கில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். சாவி போட்டதும் கம்ப்யூட்டர் பம்ப்பைச் சுமார் இரண்டு நொடி ஓடவிடும். இன்ஜின் சுற்றும் சிக்னல் வரவில்லை என்றால் நிறுத்திவிடும். சிலர் ரிலேயைக் கம்ப்யூட்டரோடு இணைக்கச் சோம்பல்பட்டு, பம்ப்பை நேராகச் சாவியில் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் விபத்தில் இன்ஜின் நின்று, லைன் அறுந்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் பம்ப் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். ரிலேயைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் கொடுக்கணும், இதில் விவாதமே இல்லை.

கடைசியாக, இரண்டு டேங்க் வைத்த டிரக்காக இருந்தால் என்ன செய்வது? இந்த வண்டியில் நிறைய அப்படித்தான் வந்தன, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். இங்கே ஒரு பொறி. சுவிட்ச் சப்ளையை மட்டும் மாற்றி, ரிட்டர்ன் எப்போதும் இடது டேங்க்குக்கே போனால்? வலது டேங்க்கில் இருந்து எடுத்து, குடித்தது போக மிச்சத்தை இடதில் ஊற்றுவீர்கள். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் வரை. இடது டேங்க்கில் 20 லிட்டர் இடம்தான் இருந்தது என்றால், ஐந்தாறு நிமிடத்தில் மூடி வழியாக ரோட்டில் பெட்ரோல். அதனால் சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் சேர்த்து மாற்றும் ஆறு வழி வால்வு போட வேண்டும், அதுவும் இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்குவதாக. போட்ட பிறகு ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியை நாலைந்து தடவை ஆன் ஆஃப் பண்ணி, ஃப்யூயல் ரெயிலில் இருக்கிற டெஸ்ட் வால்வில் கேஜ் மாட்டி 58 வருகிறதா பாருங்க. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, கையில் டார்ச்சோடு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பாருங்க. இரண்டு டேங்க் என்றால் இதையே இன்னொரு தடவை, சுவிட்சை மாற்றிப் போட்டு.