தூத்துக்குடியில் 2 நாள்: பெங்களூரிலிருந்து போறவங்க எதை, எந்த நேரத்தில் பார்க்கணும்?

லாங் வீக்எண்ட் நெருங்கினாலே பெங்களூர் வாட்ஸ்அப் குரூப்களில் மூன்று பெயர்கள்தான் ஓடும்: கோவா, கோகர்ணா, பாண்டி. நாலாவதாக ஒரு பெயரைச் சேர்த்துக்குங்க: தூத்துக்குடி.

"அங்க போய் என்ன பண்றது?" என்ற கேள்வி நியாயமானதுதான். வரிசையாக பீச் ரிசார்ட் கிடையாது, குளிப்பதற்குப் பேர்போன கடற்கரையும் ஊருக்குள் இல்லை. இருப்பது இன்றைக்கும் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு துறைமுகம். போய்விட்டு "ஒண்ணுமே இல்லப்பா" என்று திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் தப்பான நேரத்தில் சுற்றியிருப்பார்கள். காலை 11 மணிக்கு உப்பளத்துக்குப் போனால் கண்ணைக் கூசும் வெயில் மட்டும்தான். மதியம் மீன்பிடித் துறைமுகம் போனால் கழுவிவிட்ட தரைதான். இந்த ஊர் சுறுசுறுப்பாக இருப்பது விடியலுக்கு முன்னாலும், பொழுது சாய்ந்த பிறகும். பிளானை அதற்கேற்ப போடணும்.

போறது எப்படி?

மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பெங்களூரிலிருந்து இரவில் கிளம்பி ஓசூர், சேலம், மதுரை வழியாக மறுநாள் முற்பகலில் கொண்டுபோய் விடும். திரும்பி வரும் வண்டி மாலையில் கிளம்பி காலையில் பெங்களூர் சேரும். நெல்லை, தூத்துக்குடி பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்கு இந்த வண்டி பழக்கம்தான். தீபாவளி, பொங்கலுக்கு இதில் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்க. காரில் போனால் சுமார் 600 கி.மீ. விமானமும் உண்டு, வாகைக்குளத்தில் இறங்கணும்.

எந்த மாதம் போகலாம்? ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை நல்ல நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அக்டோபருக்குப் பிறகு மழை, உப்பளங்களில் வேலை இருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம்: கடற்கரைச் சாலை

முற்பகலில் வந்து இறங்கியதும் சாப்பிட்டுத் தூங்கிடுங்க. வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைச் சாலைக்குப் போனால் போதும். அங்கேதான் பனிமய மாதா பேராலயம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1982-ல் பசிலிக்கா ஆனது. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா நிறைவு பெறும். அந்தப் பத்து நாளில் ரூம் தேடுவது கஷ்டம், ஆனால் ஊரைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. தங்கத் தேர் வருஷா வருஷம் ஓடாது, விசேஷ ஆண்டுகளில் மட்டும்தான்.

அதே பக்கத்தில் பழைய துறைமுகம். இங்கே தேட வேண்டியது தோணிகளை. மரத்தால் செய்த பெரிய சரக்குக் கலங்கள் இவை. கரையோரக் கடல் ஆழம் குறைவு என்பதால் அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைச் சுமந்தது தோணிகள்தான். கொழும்புக்கே நேராகப் பாய் விரித்துப் போன தோணிகளும் உண்டு. இன்றைக்கு இன்ஜின் பொருத்திக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வருகின்றன. பெரிய சரக்குக் கப்பல்கள் வருவது ஊருக்குத் தெற்கே உள்ள புதுத் துறைமுகத்துக்கு. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அது, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, டிரோன் ஆசையை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க.

வ.உ.சி. கதையை இந்தக் கரையில் நின்று யோசித்துப் பார்ப்பது தனி. இன்றைய ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால், கொழும்பு ரூட்டைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாக ஊரார் பங்குப் பணத்தில் ஒரு வக்கீல் தொடங்கியது 1906-ன் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. நஷ்டத்தைத் தாங்கும் பணபலம் அவர்களுக்கு இருந்தது. 1908 பிப்ரவரியில் இங்குள்ள கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். மார்ச்சில் கைது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 1936-ல் இதே ஊரில்தான் காலமானார். அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் வீடு இப்போது நினைவில்லம், காரில் அரை மணி நேரம்தான்.

கொழும்புக்குக் கப்பல் ஏறுவது அன்றைக்கு சகஜம். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை, சென்னையிலிருந்து இலங்கை போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். 2011 ஜூனில் கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதங்களில் நின்றுபோனது.

ஏலம், பிறகு பரோட்டா

சனிக்கிழமை வந்து சேரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆழ்கடலுக்குப் போன நாட்டுப்படகுகள் திரேஸ்புரம் கரைக்குத் திரும்புவது வழக்கமாக அன்றைக்குத்தான். சீலா, விளமீன், ஊளி, பாறை என்று தரையில் கொட்டி ஏலம் விடுவார்கள். விசைப்படகுகள் மீன்பிடித் துறைமுகத்துக்கு இரவில் வந்து சேரும். ஏலம் கேட்பவர்களுக்கு அது சில நிமிஷத்தில் முடியும் வியாபாரம்; நடுவில் புகுந்து செல்ஃபி எடுத்தால் திட்டு விழும், விழணும். ஓரமாக நின்று பாருங்க.

அப்புறம் "நைட் கிளப்". பயப்படாதீங்க, இந்த ஊரில் அது ராத்திரி பரோட்டாக் கடையின் பேர். எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றித் தருவார்கள். டயட்டைப் பெங்களூரில் பார்த்துக்கலாம்.

விடியற்காலை: உப்பளம்

மறுநாள் 5 மணிக்கு எழுந்தால்தான் இந்தப் பயணம் முழுசாகும். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு இங்கேதான். கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அதையோ நிலத்தடி உவர்நீரையோ பெரிய தேக்கங்களில் நிறுத்தி வெயிலில் அடர்த்தியாக்கி, பிறகு சின்னப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவார்கள். பூத்த உப்பை நீளக் கம்பு வைத்த பலகையால் வாரி வரப்பில் குவித்து, அம்பாரமாக ஏற்றுவார்கள். மழை குறைவான ஊர் என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம்.

வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே வேலை ஆரம்பித்துவிடும். பளீரென்ற உப்பு கண்ணைக் கெடுக்கும், உவர்நீர் காலை அரிக்கும், மழை வந்தால் மாதக்கணக்கில் கூலி இல்லை. அதனால், கேட்காமல் யார் முகத்துக்கு நேராகவும் கேமராவைத் தூக்காதீங்க. ஞாயிறன்று எல்லா அளத்திலும் ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முந்தின நாளே ஆட்டோ அண்ணாச்சியிடம் விசாரிச்சு வச்சுக்குங்க. ரயிலில் படிக்க ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்துட்டுப் போங்க, இந்த அளங்களைப் பற்றிய நாவல்.

முத்து வாங்கலாமா?

முத்துநகர் என்ற பேரை நம்பி வாங்காதீங்க. இந்தியப் பக்கத்தில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். கடையில் இருப்பது வேறெங்கோ வளர்த்த முத்து. சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. ஆனால் பவளப்பாறைத் துண்டை யாராவது நீட்டினால் தொடாதீங்க, அது வனவிலங்கு சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது. "தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று படகுக்காரர் சொன்னாலும் சரின்னு தலையாட்டாதீங்க. சுண்ணாம்புக்காக பவளப்பாறைகளை வெட்டியதில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் இரண்டு தீவுகள் ஏற்கெனவே மூழ்கிவிட்டன.

திங்களும் லீவு என்றால் கொற்கைக்குப் போயிட்டு வாங்க. பாண்டியர் துறைமுகம் இன்று கடலே தெரியாத கிராமம். தாமிரபரணி கொண்டுவந்த மண்ணில் கடல் பின்வாங்கியது, துறைமுகம் காயலுக்கு நகர்ந்து, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. ஆதிச்சநல்லூரில் 2023-ல் திறந்த அகழாய்வுத் தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மக்ரூன். ஐரோப்பாவில் பாதாமில் செய்வது, இங்கே முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. காற்றுப் பட்டால் நமுத்துடும், அழுத்தினால் பொடியாயிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அப்பர் பெர்த்தில் தலைமாட்டில் வச்சுக்குங்க. கீழே பைகளோடு தள்ளினால் திங்கள்கிழமை ஆபீஸுக்குத் தூள்தான் வந்து சேரும்.