பச்சை மீனும் குடற்புழுவும்

பிலிப்பைன் தீவுகளுள் லூசான் என்னும் பெருந்தீவின் வடமேற்குக் கரையில் இலோகோஸ் என்னும் பிரதேசம் உளது. அங்குள்ள ஜனங்கள் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் பிடித்த சிறுமீன்களைக் குடல் நீக்காமலும் நெருப்பிலிடாமலும் முழுமையாய் உண்பதுண்டு. இதனை அநாகரிகமென்று நாம் நகைத்தல் தகாது. முன்னோர் வழிவந்த உருசி எளிதில் மாறுவதன்று.

1963ஆம் ஆண்டில் அப்பிரதேசத்து உபாத்தியாயர் ஒருவர் தீராப் பேதியால் உடல் வற்றி மணிலா நகரில் மரித்தார். அவர் குடலைச் சோதித்தபோது, அதுகாறும் எவரும் அறிந்திராத ஒரு நுண்புழு காணப்பட்டது. பின்பு 1967ஆம் ஆண்டில் தாகுடின் என்னும் ஊரைச் சார்ந்த இடங்களில் அதே வியாதி கொள்ளைநோய்போற் பரவிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பிணியுற்றனர், அநேகர் மாண்டனர். 1968இல் பிராணிநூல் வல்லார் அப்புழுவுக்குக் கப்பில்லேரியா பிலிப்பினென்சிஸ் எனப் பெயரிட்டனர்.

மயிரினும் மெல்லியதாய், சுமார் 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்பிராணி ஒரு மனிதனைக் கொல்வது எங்ஙனம்? நம் நாட்டார் நன்கறிந்த கொக்கிப்புழு, உருண்டைப்புழு முதலியன உடலுட் புகுந்த தொகைக்கு மேற் பெருகுவதில்லை. அவற்றின் முட்டைகள் வெளியே சென்று மண்ணிற் பக்குவமடைந்தே மீண்டும் வரவேண்டும். இப்புழுவோ அந்நியதியை மீறுகின்றது. இதன் பெண்புழுக்களிற் சில குடலினுள்ளேயே உயிருள்ள குஞ்சுகளை ஈனுகின்றன. அவை அங்கேயே வளர்ந்து தாமும் ஈனுகின்றன. ஆகையால் ஒரு வேளை உண்ட சில மீன்களே போதும். பிரேத பரிசோதனை ஒன்றில் ஒரு லிட்டர் குடல்நீரில் 2,00,000 புழுக்கள் இருந்தன. வயிறு ஓயாது இரையும், பேதி மாதக்கணக்காய் நீடிக்கும், உண்டதன் சத்து உடலிற் சேராது, புரதமும் பொட்டாசியமும் மலத்தோடு கழியும், கால் வீங்கும், இறுதியில் இருதயம் சோரும்.

மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் ஜலத்திற் சேர, மீன்கள் அவற்றை விழுங்குகின்றன. மீனை நன்றாய் வேகவைத்தால் இச்சங்கிலி அறும். மருந்தும் உண்டு, ஆயின் மெபெண்டசோல் என்பதை 20 நாள் வரை விடாது கொடுக்கவேண்டும். பேதி நின்றதென்று இடையில் நிறுத்தினால் எஞ்சிய குஞ்சுகள் மறுபடி பெருகும்.

இந்நோய் நமக்கு அந்நியமன்று. இந்தியாவில் முதன்முதற் கண்ட நோயாளியைப்பற்றி வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் 1994ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். இதன் முட்டை, நம்மிடையே சாதாரணமான சாட்டைப்புழுவின் முட்டையைப் பெரிதும் ஒத்தது. பின்னது பீப்பாய் வடிவினது. இரு முனையிலும் குமிழ் புறந்தள்ளி நிற்கும். முன்னதோ நிலக்கடலை போன்று, முனைகள் தட்டையாய், ஓட்டில் வரிகளுடன் இருக்கும். பூதக்கண்ணாடியில் அவசரமாய் நோக்குவோர் சாட்டைப்புழுவென்றே எழுதிவிடுவர். நோயாளியும் அச்சீட்டை நம்பிப் பேதியோடு வீடு திரும்புவான்.