டுரியானுக்கு யார் சொந்தம்?

டுரியான் காலத்தில் காஜாங் கடைத்தெருவில் சாத்தே வாசனையையும் மீறி உலு லங்காட் தோட்டத்துப் பழங்களின் மணம் நிற்கும். அந்தப் பழமும், சந்தையில் நாம் வாங்கும் வெண்டைக்காயும், 1960-இல் தேசிய மலரான செம்பருத்தியும், பருத்தியும், கொக்கோவும் ஒரே குடும்பம். தாவரவியலில் அதன் பெயர் மால்வேசியே.

வெண்டைக்கும் செம்பருத்திக்கும் உள்ள உறவைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டின் பூவையும் பறித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ்கள். நடுவில் மகரந்தத் தாள்கள் தனித்தனியே நிற்காமல் ஒட்டிக் குழலாகியிருக்கும். அதற்குள்ளிருந்து சூல்தண்டு எட்டிப் பார்க்கும். தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலை அரைப்பவர்களுக்கு, வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டும் வழவழப்பும் புதிதல்ல.

டுரியான் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. நெடுங்காலம் அதை இலவ மரத்தோடு சேர்த்து பொம்பகேசியே என்ற தனிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஓங்கி வளரும் மரங்கள். இரண்டின் பூவும் இரவில் வௌவாலை அழைக்கும். பத்துமலைக் குகைகளில் தங்கும் தேன் வௌவால்கள் டுரியான் பூவைத் தேடி வெகுதூரம் பறப்பவை. ஆனால் வௌவாலுக்கு ஏற்ற பூவாக மாறுவது எந்தக் குடும்பத்துச் செடிக்கும் நேரலாம். அதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டபோது பழைய வேலிகள் சரிந்தன. 1998-இல் ஏபிஜி என்ற பன்னாட்டு வகைப்பாட்டுக் குழு, பொம்பகேசியே உட்பட நான்கு குடும்பங்களை மால்வேசியே என்று ஒன்றாக்கியது. அதற்குள் இலவ மரம் வெண்டை, செம்பருத்தியின் பக்கம் போய்விட்டது. டுரியானுக்கு நெருங்கிய சொந்தமாக வந்து நின்றது வலம்புரி. நாட்டு மருந்துக் கடையில் திருகிய கயிறுபோல் கிடக்குமே, அந்தக் காயைத் தரும் புதர்ச்செடி! முள் ஓடு கொண்ட பழத்துக்கு இப்படியொரு உறவு இருக்கும் என்று வெறும் கண்ணால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது பெயர்ப்பலகை மாற்றும் வேலை மட்டுமல்ல. 2017-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங் ரகத்தின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து, கொக்கோ, பருத்தி ஆகிய உறவுக்காரச் செடிகளோடு ஒப்பிட்டார்கள். மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை உண்டாக்க உதவும் எம்ஜிஎல் மரபணு, பெரும்பாலான தாவரங்களில் ஒன்றோ இரண்டோதான். டுரியானில் அது 4 பிரதிகளாகப் பெருகியிருந்தது.